பழைய சர்வரும் புதிய ராஜ்யமும்

'சர்வர்' என்ற சொல்லைக் கேட்டதும் என் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் வருவது ஹோட்டலும், நுரை ததும்பும் காப்பியும், 1964-ஆம் வருஷம் வெளிவந்த 'சர்வர் சுந்தரம்' படமும், அதில் நம்மைச் சிரிக்கவும் அழவும் வைத்த நாகேஷும்தான். ஆகையால், 2021-ஆம் வருஷம் ஒரு நாள் காலையில் என் புத்தகங்களை வெளியிடும் பதிப்பகத்தின் மானேஜர் டெலிபோனில் கூப்பிட்டு, "சார், நம்ம பழைய சர்வரைப் புது டொமைனில் சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. உங்கள் நாவல் மூன்றும் அதற்குள்ளேதான் இருக்கிறது" என்று சொன்னபோது, ஒரு நிமிஷம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வயதான பரிசாரகர் ஒருவரை எந்த ஹோட்டலிலோ வேலைக்கு எடுத்துக்கொள்ள மறுக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். அப்படி நினைத்தது அவ்வளவு பெரிய தவறு அல்லவென்று பிற்பாடு தெரிந்தது.

நாவல் எழுதுகிறவனுக்கு இந்த யந்திர விவகாரத்தில் என்ன ஜோலி என்று நேயர்கள் கேட்கலாம். என் ஜோலி இதுதான்: அந்த மூன்று நாவல்களில் இரண்டு அச்சேறிப் பிரதிகள் தீர்ந்து போனவை. மூன்றாவது, எழுத்துக் கோத்து முடித்தும் அச்சேறாதது. அதன் கையெழுத்துப் பிரதி என் வீட்டுக் கீழ்க்கட்டில் ஒரு டிரங்குப் பெட்டியில் இருந்தது. 2015 டிசம்பரில் சென்னையில் பெருகிய வெள்ளம் அந்தப் பெட்டியையும் விட்டு வைக்கவில்லை. ஐந்து வருஷ உழைப்பு மசிக் கூழாகிப் போயிற்று. உலகத்தில் அந்த நாவலுக்கு மிஞ்சியிருந்த ஒரே பிரதி, பதிப்பகத்தின் இரண்டாம் மாடியில், மூலையில் முனகிக் கொண்டிருந்த அந்தப் பழைய சர்வரின் வயிற்றுக்குள் இருந்தது. 'அது எந்த டொமைனில் சேர்ந்தால் எனக்கென்ன?' என்று நான் இருக்க முடியுமா?

உடனே பதிப்பகத்துக்குப் போனேன். அங்கே ஓர் இளைஞர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அந்த யந்திரத்தோடு போராடிக் கொண்டிருந்தார். இரண்டு நாள் அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அவர் சொன்னதையும், அதன் பிறகு நானே தேடிப் படித்ததையும் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். படிக்கப் படிக்க, இது யந்திர சாஸ்திரம் மட்டும் அல்ல, நல்லதொரு சரித்திரக் கதையும் கூட என்று எனக்குப் பட்டது.

★

முதலில் டொமைன் என்றால் என்னவென்று பார்த்துவிடுவோம். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரு பிரபுவின் ஆட்சிக்கு உட்பட்ட பூமி என்று பொருள். யந்திர உலகத்திலும் ஏறக்குறைய அதேதான். ஓர் ஆபீஸில் ஐம்பது கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன்னிடம் வருகிறவர் யார், அவருக்கு எதைத் திறந்து விடலாம், எதைக் கூடாது என்று தனித்தனியாகக் கணக்கு வைத்துக் கொண்டால், ஐம்பது இடத்தில் ஐம்பது சாவிக் கொத்து. அதற்குப் பதிலாக, 'ஆளை அடையாளம் காணும் பொறுப்பு இன்ன யந்திரத்தைச் சேர்ந்தது. அது சரியென்றால் எங்களுக்கும் சரி' என்று எல்லாம் சேர்ந்து ஒப்புக்கொண்டால், அதுதான் டொமைன். பொறுப்பை ஏற்ற யந்திரத்துக்கு டொமைன் கன்ட்ரோலர் என்று பெயர். நாம் அதை ராஜ்யத்தின் தலைமைக் கச்சேரி என்று வைத்துக் கொள்ளலாம்.

1993-ஆம் வருஷம் ஜூலையில் மைக்ரோசாப்ட் நிறுவனம் 'விண்டோஸ் என்.டி.' என்ற அமைப்பை வெளியிட்டது. 1996-இல் அதன் நான்காம் பதிப்பு வந்தது. உலகத்தில் எத்தனையோ ஆபீஸ்களில் டொமைன் என்ற ராஜ்யம் நிலைபெற்றது இந்த நான்காம் பதிப்பின் காலத்தில்தான். அந்த ராஜ்யத்தின் அமைப்பு பழைய காலத்து ஜமீனைப் போன்றது. முதன்மைக் கன்ட்ரோலர் ஒன்றே ஒன்று. பேரேட்டில் புதிதாக எழுதவோ அடிக்கவோ அதற்கு மட்டுமே அதிகாரம். துணைக் கன்ட்ரோலர்கள் எத்தனை இருந்தாலும் அவற்றிடம் இருப்பது நகல்தான். படித்துச் சொல்லலாமே தவிர, ஓர் எழுத்தை மாற்ற முடியாது. பேரேடு 40 மெகாபைட்டுக்கு மேல் பெருகக் கூடாது என்று தயாரித்தவர்களே யோசனை சொல்லியிருந்தார்கள். அதாவது, சுமார் 40,000 பெயர்கள். ராஜ்யத்துக்கும் யந்திரங்களுக்கும் வைக்கும் பெயர் 15 எழுத்தைத் தாண்டக் கூடாது. அந்தப் பெயரைச் சொல்லித்தான் அவை ஒன்றையொன்று கூவி அழைத்துக் கொண்டன.

ஆளை அடையாளம் காணும் முறை அதற்கும் பழையது. 1987-இல் மைக்ரோசாப்டும் திரீகாம் நிறுவனமும் சேர்ந்து 'லான் மானேஜர்' என்ற அமைப்பைக் கொண்டு வந்தன. அது கடவுச்சொல்லை எப்படிப் பூட்டி வைத்தது தெரியுமா? நீங்கள் சிறிய எழுத்தும் பெரிய எழுத்துமாக எவ்வளவு சாமர்த்தியமாக எழுதினாலும், எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கிவிடும். பதினான்கு எழுத்துக்கு மேல் வாங்கிக் கொள்ளாது. அந்தப் பதினான்கையும் ஏழு ஏழாக இரண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனியே பூட்டும். பதினான்கு சாண் சுவர் ஏறுவது கஷ்டம். ஏழு சாண் சுவர் இரண்டை ஏறுவது கஷ்டமே அல்ல. அந்தக் காலத்தில் ஊருக்குள் திருடர்கள் குறைவு. ஆகவே சுவரும் போதுமானதாக இருந்தது. என்.டி. தனக்கென்று மேலான முறை ஒன்றைக் கொண்டு வந்தபோதும், பழைய யந்திரங்கள் வருத்தப்படக் கூடாதென்று இந்த ஏழு சாண் சுவரையும் கூடவே வைத்துக் கொண்டது. இந்தத் தாட்சண்யத்தை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக் கொள்ள வேண்டும். கதை முழுவதும் இது வரப்போகிறது.

★

இப்போது காட்சி மாறுகிறது. அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகம். 1983-இல் அங்கே 'அதீனா' என்ற பெயரில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். கழகத்தின் மாணவர்கள் எந்த யந்திரத்தின் முன் உட்கார்ந்தாலும் தங்கள் வேலையைச் செய்துகொள்ள வழி வேண்டும் என்பது நோக்கம். யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்றால், உட்கார்ந்திருப்பவர் யார் என்று தெரிய வேண்டுமல்லவா? நடுவில் செல்லும் கம்பியில் ஒட்டுக் கேட்கிறவனுக்குக் கடவுச்சொல் கிடைக்கவும் கூடாது.

இதற்கு வழி 1978-இலேயே பிறந்திருந்தது. ரோஜர் நீடாம், மைக்கேல் ஷ்ரோடர் என்ற இரு அறிஞர்கள், நம்பிக்கைக்குரிய மூன்றாம் ஆள் ஒருவர் மூலமாக இருவர் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் முறையை எழுதி வெளியிட்டார்கள். 1981-இல் டோரதி டென்னிங், ஜியோவன்னி சாக்கோ இருவரும் அதில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். பழைய சீட்டு ஒன்றைத் திருடி வைத்திருப்பவன், அதையே பிற்பாடு புதுச் சீட்டு போல நீட்டி ஏமாற்றலாம். 'சீட்டில் நேரத்தைக் குறித்துவிட்டால் போகிறது' என்று அவர்களே பரிகாரமும் சொன்னார்கள்.

இந்த இரண்டையும் சேர்த்து அதீனா திட்டத்தார் உருவாக்கியதுதான் 'கெர்பரோஸ்'. கிரேக்கர்களின் புராணத்தில் பாதாள லோகத்தின் வாசலைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயர் அது. கதைப் பிரியர்களுக்கு ருசிக்கும் சமாசாரம் ஒன்று உண்டு. இந்த முறை ஏன் இப்படி அமைந்தது என்று விளக்க, பில் பிரையன்ட் என்பவர் 1988-இல் நான்கு காட்சிகள் கொண்ட ஓர் உரையாடல் எழுதினார். அதீனா, யூரிப்பிடிஸ் என்று இரண்டு பாத்திரங்கள். ஒருவர் ஒரு யோசனை சொல்வதும், மற்றவர் அதில் ஓட்டை கண்டுபிடிப்பதுமாகவே நாடகம் நடக்கிறது. எழுத்தாளன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு தனிப் பெருமை.

1989 ஜனவரியில் நான்காம் கெர்பரோஸ் வெளியுலகத்துக்கு வந்தது. 1993-இல் ஐந்தாவது, பொது விதியாக எழுதப்பட்டது. அதன் முறை சினிமாக் கொட்டகை முறைதான். தலைமைக் கச்சேரியில் உங்களை யாரென்று நிரூபித்துவிட்டால் ஒரு சீட்டுத் தருவார்கள். அந்தச் சீட்டைக் காட்டினால் ஒவ்வொரு வாசலுக்கும் தனித்தனி டிக்கெட். டிக்கெட்டில் நேரம் அச்சாகி இருக்கும். உங்கள் கடிகாரமும் கச்சேரிக் கடிகாரமும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் வித்தியாசப்பட்டால் டிக்கெட் செல்லாது. ஐந்து நிமிஷம் என்பது வழக்கமாக வைக்கும் அளவு. இதையும் ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள்.

★

2000-ஆம் வருஷம் பிப்ரவரி 17-ஆம் தேதி 'விண்டோஸ் 2000' வெளிவந்தது. ஜமீன் போய் ராஜ்யம் வந்தது. 'ஆக்டிவ் டைரக்டரி' என்ற புதிய பேரேடு. அதில் எல்லாக் கன்ட்ரோலர்களும் எழுதலாம். பதினைந்து எழுத்துப் பெயருக்குப் பதிலாக, இன்டர்நெட்டில் வழங்கும் நீண்ட பெயர் முறை. அடையாளம் காண கெர்பரோஸ்.

அப்போது உலகம் பூராவும் நான்காம் பதிப்பு என்.டி. யந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றுக்குக் கெர்பரோஸ் தெரியாது. நீண்ட பெயர் விளங்காது. முதன்மைக் கன்ட்ரோலர் ஒருவர்தான் என்ற எண்ணம் அவற்றின் ரத்தத்தில் ஊறியது. அவற்றை என்ன செய்வது?

இந்த இடத்தில் அந்த அமைப்பைச் செய்தவர்கள் காட்டிய சாதுரியத்தைப் பாராட்டாமல் இருக்க முடியாது. புதிய கன்ட்ரோலர்களில் ஒருவரைப் பழைய முதன்மைக் கன்ட்ரோலரின் வேஷம் போடச் சொன்னார்கள். கிழவர் வந்து 'எஜமான் எங்கே?' என்று கேட்டால், 'இதோ, நான்தான்' என்று அந்த ஒருவர் பழைய பாஷையிலேயே பதில் சொல்வார். ராஜ்யத்துக்கு நீண்ட பெயரோடு பழைய குட்டிப் பெயரும் ஒன்று வைத்தார்கள். 'கலப்பு நிலை', 'சுத்த நிலை' என்று இரண்டு ஏற்பாடு செய்தார்கள். கலப்பு நிலையில் பழைய துணைக் கன்ட்ரோலர்கள் பதவியில் நீடிக்கலாம். சுத்த நிலைக்கு ஒரு தடவை மாறிவிட்டால் திரும்பி வர வழி கிடையாது. பழைய கன்ட்ரோலர்களுக்கு இடமும் கிடையாது.

இதைப் பற்றிப் பலருக்கு இருக்கும் ஒரு தப்பபிப்பிராயத்தை இங்கே திருத்திவிட வேண்டும். ராஜ்யத்தின் நிலையை உயர்த்திவிட்டால் பழைய சர்வர்கள் எல்லாம் வெளியே போக வேண்டியதுதான் என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. அந்த நிலை, அதிகாரத்தில் இருக்கும் கன்ட்ரோலர்களைத்தான் கட்டுப்படுத்தும். குடிமகனாகச் சேரும் சாதாரண சர்வரை அது தடுப்பதில்லை. சுத்த நிலையிலும் பழைய என்.டி. சர்வர் ஒரு குடியானவனாக இருக்கலாம். மந்திரியாக இருக்கத்தான் முடியாது. கஷ்டம் என்னவென்றால், நான்காம் பதிப்பில் துணைக் கன்ட்ரோலராக இருந்ததைக் குடியானவனாக்க வழியே இல்லை. அமைப்பையே அழித்துவிட்டு மறுபடி போட வேண்டும். பதவியில் இருந்தவர்களுக்குப் பதவியை விட்டு இறங்குவது எப்போதும் கஷ்டம்தான் போலிருக்கிறது!

சேருவது என்றால் என்ன நடக்கிறது? பேரேட்டில் அந்த யந்திரத்தின் பெயருக்கு ஒரு கணக்குத் திறக்கிறார்கள். யந்திரத்துக்கும் கச்சேரிக்கும் மட்டும் தெரிந்த ஒரு ரகசியச் சொல் ஏற்படுகிறது. மனிதர்கள் யாருக்கும் அது தெரியாது. பழைய என்.டி. ஏழு நாளைக்கு ஒரு தடவையும், பிற்பாடு வந்தவை முப்பது நாளைக்கு ஒரு தடவையும் தாமாகவே அதை மாற்றிக் கொள்ளும். ஏதோ கோளாறு என்று யந்திரத்தை ஆறு மாதத்துக்கு முந்தைய நகலிலிருந்து உயிர்ப்பித்தால், அது பழைய ரகசியச் சொல்லைச் சொல்லும். கச்சேரி 'நீ யார்?' என்று கேட்டுவிடும். சாகுந்தலத்தில் மோதிரம் தொலைந்த கதைதான்.

★

புதிய ராஜ்யம் பழையவர்களுக்குக் காட்டிய தாட்சண்யத்தில் இன்னொன்று உண்டு. என்.டி. காலத்துக் கடவுச்சொற்கள் ஒரு வகையாகப் பூட்டிப் பேரேட்டில் இருந்தன. கெர்பரோஸுக்கு வேறு வகைப் பூட்டு வேண்டும். அத்தனை பேரையும் ஒரே நாளில் கடவுச்சொல்லை மாற்றச் சொல்ல முடியுமா? ஆகவே பழைய பூட்டையே சாவியாக வைத்து 'ஆர்.சி.4' என்ற முறையில் டிக்கெட் எழுத ஏற்பாடு செய்தார்கள். மிகவும் சௌகரியமான ஏற்பாடு. ஆனால் அப்படி எழுதின டிக்கெட்டை வாங்கிக் கொண்டு போய், வீட்டில் சாவகாசமாக உட்கார்ந்து உடைத்துக் கடவுச்சொல்லைக் கண்டுபிடிக்கலாம் என்று 2014-இல் ஒருவர் மேடையேறி நிரூபித்துக் காட்டினார்.

திருடர்களின் சாமர்த்தியம் வளர்ந்து கொண்டேதான் இருந்தது. 1977-இல் அமெரிக்க சர்க்கார் முத்திரை பெற்ற 'டி.ஈ.எஸ்.' பூட்டை, 1998 ஜூலையில் ஒரு சங்கத்தார் இரண்டரை லட்சம் டாலருக்கும் குறைவாகச் செலவழித்துச் செய்த யந்திரம் 56 மணி நேரத்தில் திறந்து காட்டியது. லான் மானேஜரின் ஏழு சாண் சுவர் கட்டியிருந்தது இந்தச் செங்கல்லால்தான்.

ஆகவே ராஜ்யம் ஒவ்வொரு வாசலாக இறுக்கத் தொடங்கியது. 2003 பதிப்பின் கன்ட்ரோலர்கள், 'கடிதம் ஒவ்வொன்றிலும் கையெழுத்து வேண்டும்' என்று கேட்டன. திருத்தங்கள் போட்டுக் கொள்ளாத பழைய என்.டி. யந்திரங்களுக்கும், விண்டோஸ் 95-க்கும் கையெழுத்துப் போடத் தெரியாது. 2008 பதிப்பு, என்.டி. காலத்துப் பூட்டு முறையையே செல்லாது என்றது. ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரு சலுகையும் வைத்தார்கள்: நிர்வாகி விரும்பினால், ஒரு கட்டளையை மாற்றிப் பழைய முறையை அனுமதிக்கலாம்.

அந்தச் சலுகையில்தான் வினை இருந்தது. ஒரு கிழவருக்காகத் திறந்த கதவு கிழவருக்கு மட்டும் திறந்திருப்பதில்லை. ராஜ்யம் முழுவதற்கும் திறந்திருக்கும். 'இந்த வாரம் மட்டும்' என்று திறந்து, அப்புறம் மறந்து போன கதவுகள் உலகத்தில் எத்தனையோ!

அதன் விலை 2017 மே 12-ஆம் தேதி தெரிந்தது. கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள 1980-களின் தொடக்கத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பாரி ஃபைகன்பாம் என்பவர் வகுத்த 'எஸ்.எம்.பி.' என்ற பாஷையின் முதல் வடிவம், பழையவற்றோடு பேசுவதற்காக முப்பது வருஷத்துக்கு மேலாகியும் புதிய யந்திரங்களில் தங்கியிருந்தது. அதில் இருந்த ஓர் ஓட்டையின் வழியாக 'வானாக்ரை' என்ற நச்சுநிரல் புகுந்தது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. 150-க்கு மேற்பட்ட நாடுகள் அடிபட்டன. இங்கிலாந்தின் சர்க்கார் வைத்திய நிர்வாகங்களில் மூன்றில் ஒரு பங்குக்காவது இடையூறு. ஆயிரக்கணக்கான நோயாளிகளின் முறை தள்ளிப் போயிற்று. ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச் 14-ஆம் தேதியே வெளியாகியிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அடிபட்டவற்றில் பெரும்பாலானவை கிழட்டு யந்திரங்களும் அல்ல. திருத்தம் போட்டுக் கொள்ளாத, ஓரளவு புதிய யந்திரங்களே. வந்த வழிதான் கிழ வழி. ஓய்வு கொடுத்து ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆகிவிட்ட 2003 சர்வருக்குக்கூட அந்த வாரம் விசேஷமாக ஒரு திருத்தத்தை வெளியிட்டார்கள் என்றால் ஆபத்தின் அளவை ஊகித்துக் கொள்ளலாம். அதே வருஷத்தின் பிற்பகுதியிலிருந்து வந்த புதிய பதிப்புகளில், அந்த முதல் எஸ்.எம்.பி. பாஷையை ஆரம்பத்திலேயே வைக்காமல் விட்டுவிட்டார்கள்.

★

இனி எங்கள் சர்வரிடம் வருகிறேன். அது 2003 பதிப்பு. 2004-இல் வாங்கியது. பதிப்பகத்தின் புதிய ராஜ்யம் 2019 பதிப்பு. இரண்டுக்கும் நடுவில் ஒரு தலைமுறை.

முதல் தடை, விலாசம். ராஜ்யத்தின் கச்சேரி எங்கே இருக்கிறதென்று விசாரிக்க வேண்டிய இடத்தில் விசாரிக்காமல், அது எப்போதோ மூடிப்போன ஒரு விலாசத்தில் விசாரித்துக் கொண்டிருந்தது. தம்பி அதைச் சரி செய்தார்.

இரண்டாவது தடை, கடிகாரம். உள்ளே இருக்கும் சிறு பாட்டரி தீர்ந்து போய், ஒவ்வொரு தடவை மின்சாரம் நின்று வரும்போதும் அதன் காலண்டர் பல வருஷம் பின்னால் போய்விடும். ஐந்து நிமிஷ வித்தியாசத்துக்கே டிக்கெட் செல்லாது என்னும் ராஜ்யத்தில், பல வருஷம்! தம்பி பாட்டரி வாங்கி வந்து போட்டார்.

மூன்றாவது தடைதான் பெரியது. அந்தச் சர்வருக்குத் தெரிந்தது எஸ்.எம்.பி. பாஷையின் முதல் வடிவம் மட்டுமே. புதிய கச்சேரிக்கு அந்தப் பாஷை கிடையாது. 'அந்தப் பெயரில் இப்போது யாரும் இல்லை' என்ற பொருளில் ஒரு வாசகம் வந்து நின்றது. தம்பி எழுந்து நின்று கைகளை உதறினார்.

"வழி இல்லையா?" என்றேன்.

"இருக்கிறது சார். கச்சேரிப் பக்கத்தில் அந்தப் பழைய பாஷையை நான் போட்டுவிட்டால், பத்து நிமிஷத்தில் சேர்ந்துவிடும்."

"அப்புறம் என்ன தம்பி? போட்டுவிட வேண்டியதுதானே?" என்றார் மானேஜர். நானும் அதையே சொல்ல வாயெடுத்தேன். உண்மையை ஒப்புக்கொள்கிறேன்: அந்த நிமிஷத்தில் வானாக்ரையும் இங்கிலாந்தும் என் மனத்தில் இல்லை. வெள்ளத்தில் போன டிரங்குப் பெட்டிதான் இருந்தது.

தம்பி உடனே பதில் சொல்லவில்லை. பிறகு மானேஜரைப் பார்த்து, "சார், அந்தக் கச்சேரிக்குக் கீழேதான் சம்பளக் கணக்கு இருக்கிறது. சந்தாதாரர் விலாசமெல்லாம் இருக்கிறது. மற்ற எழுத்தாளர்களின் புத்தகமெல்லாம் இருக்கிறது. இவர் ஒருவருக்காகத் திறந்தால் அத்தனைக்கும் திறந்த மாதிரி. திறக்கச் சொல்லி நீங்கள் எழுதிக் கொடுத்தால் திறக்கிறேன். என்று மூடுவது என்றும் அதிலேயே எழுதிக் கொடுங்கள்" என்றார்.

மானேஜர் பேனாவை எடுத்தார். தேதி எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. என்று மூடுவது? அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. பேனாவை மூடிப் பைக்குள் வைத்துவிட்டார்.

குற்றம் யந்திரத்தைச் செய்தவர்களுடையது அல்ல. சர்வருடையதும் அல்ல. பதினேழு வருஷம் அதைத் திரும்பிப் பார்க்காமல், 'ஓடுகிற வரையில் ஓடட்டும்' என்று இருந்த எங்களுடையது. என் நாவலுக்கு இன்னொரு பிரதி எடுத்துக் கொடுங்கள் என்று நான் ஒரு நாளாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லையே!

கடைசியில் அதை ராஜ்யத்தில் சேர்க்கவில்லை. வெளியுலகத் தொடர்பு இல்லாமல் தனியே ஒதுக்கி, கோப்புகளை ஒரு வெளி டிஸ்கில் இறக்கி, கிருமிப் பரிசோதனை செய்து, புதிய இடத்தில் ஏற்றினார்கள். அத்தோடு வேலை தீர்ந்துவிடவில்லை. நாவல் பழைய தமிழ் எழுத்துரு ஒன்றில் இருந்தது. அந்த நாளில் ஒவ்வொரு எழுத்துக் கோப்பு மென்பொருளுக்கும் ஒரு தனிக் குறியீடு. 1999-இல் தமிழ்நாடு அரசு 'டாம்', 'டாப்' என்று இரண்டு முறைகளை ஏற்றுக்கொண்டும் எல்லோரும் அவற்றுக்கு வந்துவிடவில்லை. 1991-இலேயே யூனிகோடில் தமிழ் இடம்பெற்றிருந்தும், அச்சுத் தொழிலில் இருந்தவர்கள் வெகு காலம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஆகவே புதிய யந்திரத்தில் திறந்தால் என் கதாநாயகி ஆங்கில எழுத்துக்களும் ஆச்சரியக் குறிகளுமாகப் பேசினாள். மாற்றித் தரும் கருவியால் மாற்றியபோது, 'ஸ்ரீ' வந்த இடத்திலெல்லாம் ஒரு கேள்விக்குறி. கொம்புகள் இடம் மாறிச் சில சொற்கள் வேறு சொற்களாயின. மூன்று வாரம் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் திருத்தினேன். பத்து நிமிஷத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு மூன்று வாரம்.

அந்த மூன்று வாரத்தில் பல தடவை யோசித்தேன். பழையதிடம் தாட்சண்யம் வேண்டாமா? வேண்டும். 2000-இல் காட்டிய தாட்சண்யம் இல்லாவிட்டால் எத்தனையோ ஆபீஸ்களில் வேலை நின்றிருக்கும். ஆனால் அந்தத் தாட்சண்யத்துக்கு ஒரு தவணை இருந்திருக்க வேண்டும். கதவைத் திறந்தவர்கள் மூடும் நாளையும் எழுதி வைத்திருந்தால், 2017-இல் அந்த வாசல் திறந்து கிடந்திருக்காது. தவணை எழுத முடியாத இடத்தில் கதவைத் திறக்காமல் இருப்பதே மேல். நாம் போய்ச் சாமானை வெளியே எடுத்து வர வேண்டியதுதான். அது சிரமம். சிரமப்பட வேண்டியவர் சாமானுக்கு உடையவர். அண்டை அயலார் அல்ல.

மற்றவர்களுடைய புத்தகங்களும் ஒவ்வொன்றாக வெளியே வந்து சேர மேலும் சில மாதங்கள் ஆயின. 2022-இல் ஒரு சாயங்காலம் அந்தச் சர்வரை நிறுத்தினார்கள். எனக்கும் சொல்லி அனுப்பினார்கள், போயிருந்தேன். தம்பி நிறுத்துவதற்கு முன், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து அதன் நேரத்தை இரண்டு நிமிஷம் திருத்தி வைத்தார்.

"அணைக்கப் போகிறதற்கு இது எதற்குத் தம்பி?" என்று கேட்டேன்.

"கடைசியாக ஒரு குறிப்பு எழுதிக் கொள்ளும் சார், 'இத்தனை மணிக்கு நின்றேன்' என்று. அதிலாவது நேரம் சரியாக இருக்கட்டும்" என்றார்.